நட்சத்திரப் பின்கள வீரரை வாங்க ஓர் அணிக்குக் கட்டுப்படியாகுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: லிவர்பூல் போன்ற உதைபந்தாட்டக் கழகம் ஒரு பின்கள வீரருக்கு 75 மில்லியன் பவுண்ட் கொடுத்தால் மற்ற இடங்களுக்குக் காசு மிஞ்சுமா?

மிஞ்சும். அந்த விலை முழுவதும் ஒரே ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை, ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்தே எழுதுவார்கள். 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 15 மில்லியன். ஆனால் ஒரு வீரரை விற்றால் வரும் இலாபம் அந்த ஆண்டிலேயே முழுதாகப் பதிவாகும். 2018 ஜனவரியில் லிவர்பூல் பின்கள வீரர் வான் டைக்கை இந்த விலைக்குத்தான் எடுத்தது. அதே மாதம் தன் நடுக்கள வீரர் கூட்டினியோவை பார்சிலோனாவுக்கு இன்னும் பெரிய விலைக்கு விற்றது.

உண்மையில் இடிப்பது சம்பளம்தான். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கழகங்கள் சம்பளம், வீரர் வாங்கும் செலவு, முகவர் கட்டணம் எல்லாவற்றையும் வருமானத்தின் 70 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபாவின் விதி.

யாழ்ப்பாணத் துரையப்பா அரங்கிலும் கோல் அடித்தவருக்குத்தான் கைதட்டு. ஆனாலும் பின்னால் நின்று அணியை ஒழுங்குபடுத்துபவருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை என்றே நான் நம்புகிறேன். வான் டைக் வந்த பிறகு, 2019இல் லிவர்பூல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கை வென்றதே! வயது 30 தாண்டியவர் என்றால் மட்டும் தயங்குவேன், திரும்ப விற்க விலை கிடைக்காது.