ஒன்பது பாக்கெட் மசாலா, ஒரே குழம்பு

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. ஈரோடு பக்கம். சமைக்கச் சோம்பல் படுகிறவள் இல்லை. ஞாயிறு கறிக்குழம்பு, செவ்வாய் கத்தரிக்காய்க் குழம்பு, வியாழன் குருமா, நடுவில் ஒரு நாள் மீன் என்று மாற்றி மாற்றித்தான் வைக்கிறேன். போன மாதம் என் மகன், "அம்மா, கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டான். கோபம் வந்தது. அப்புறம் நானே ருசி பார்த்தேன், அவன் சொன்னது சரிதான். செட்டிநாடு, மலபார், யாழ்ப்பாணம் என்று பேர் போட்ட மசாலா ஒன்பது பாக்கெட் வாங்கியாகிவிட்டது. வழக்கம்போல வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குகிறேன். எது போட்டாலும் அதே ருசி. எந்தப் பாக்கெட் வாங்கலாம்? தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்து போகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். (ஈரோட்டு வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் மகனுக்கு நல்ல நாக்கு. அவனைத் திட்டாதீர்கள்.

கடிதத்தில் 'வழக்கம்போல' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, வினை அங்கேதான் இருக்கிறது. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒன்பது பாக்கெட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எடை அதிகமான சரக்கு முதலில் வர வேண்டும். பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு இடத்திலும் மல்லியும் மிளகாயும்தான் இருக்கும். ஊர்ப் பேருக்கு உரிய வாசனைச் சரக்கெல்லாம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு என்ற ஒரே மெத்தையில் படுக்க வைத்தால் என்ன வித்தியாசம் தெரியும்?

குழம்பின் ஊர் எது என்பதைத் தூள் சொல்வதைவிட, புளிப்பு எங்கிருந்து வருகிறது, எந்த எண்ணெய், எதைப் போட்டுக் கெட்டியாக்குகிறோம், தேங்காய் எந்தக் கோலத்தில் உள்ளே போகிறது என்பவைதான் சொல்லும். தக்காளியே நம் அடுப்புக்குப் பிந்தி வந்த விருந்தாளி. சீமைத்தக்காளி என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அது இல்லாமல் குழம்பே கிடையாது என்றாகிவிட்டது. இஞ்சி பூண்டு விழுதும் அப்படித்தான். பிரியாணிக்கும் குருமாவுக்கும் அது வேண்டும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் அதற்கு என்ன வேலை?

நான் பிறந்தது நாகர்கோவில், வாக்கப்பட்டது கும்பகோணம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் கெத்துக் காட்ட ஒரு நாள் உள்ளித் தீயல், அதாவது தேங்காயை வறுத்து அரைத்து வைக்கிற சின்ன வெங்காயப் புளிக்குழம்பு, வைத்தேன். மாமியார் கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, டிகாஷன்லயா குழம்பு வெச்சிருக்கே?" என்றார். நிறம் அப்படி. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அந்த வீட்டில் தேங்காய் எண்ணெயைத் தலைக்கு மட்டும்தான் வைப்பார்கள் என்பதால் நல்லெண்ணெயில் தாளித்திருந்தேன். எல்லாரும் ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அது தீயல் இல்லை என்று தெரிந்தது. தேங்காய், புளி, மிளகாய், மல்லி எல்லாம் எங்கள் வீட்டுக் கணக்குதான். எண்ணெய் ஒன்று மாறியதில் குழம்பு நாகர்கோவிலைவிட்டுக் கிளம்பி வத்தக்குழம்பின் தெருவுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு முதல் பாடம் அந்தத் தீயல்தான். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, அடி கனமான இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, நாலைந்து சின்ன வெங்காயத்தையும் அரிந்து போட்டு, சின்னத் தீயில் வறுக்க ஆரம்பியுங்கள். கால் மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் போன் பேசக் கூடாது, வாசலுக்குப் போகக் கூடாது. முதலில் ஆவி வரும். தேங்காய் ஈரம் போய்க் கரண்டியில் ஒட்டாமல் உதிரும். அப்புறம் ஓரம் மஞ்சளாகும். பலகாரக் கடை வாசல் போல இனிப்பு மணம் எழும். பலர் இங்கேயே இறக்கிவிடுகிறார்கள், அது பாதி வழி. செங்கல் நிறம் வரும்போது ஆறு மிளகாய் வற்றல், ஒன்றரை மேசைக்கரண்டி மல்லி, அரை ஸ்பூன் மிளகு, பத்துப் பதினைந்து வெந்தயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுங்கள். காப்பிப்பொடி நிறத்துக்கு ஒரு படி முன்னால் சட்டியை இறக்கி, உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். இரும்புச் சட்டியின் சூடு அடுப்பை அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டேதான் இருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மூடித் தேங்காயைக் கரியாக்கிய பிறகு.

ஆறியதும் தண்ணீர் விடாமல் மிக்சியில் ஓடவிடுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் தேங்காயின் எண்ணெய் வெளியே வந்து விழுதாகப் பளபளக்கும். தண்ணீர் அதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சம். இருபது இருபத்தைந்து சின்ன வெங்காயத்தைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போனதும் விழுதைச் சேருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் முடிந்தது. கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டுங்கள். தக்காளி கிடையாது, இஞ்சி பூண்டு கிடையாது, பாக்கெட் கிடையாது. மறுநாள் காலையில் இன்னும் நன்றாக இருக்கும்.

அதே தேங்காயை வறுக்காமல் பாலாகப் பிழிந்தால் எதிர்த்திசைக்குப் போய்விடலாம். திருநெல்வேலிச் சொதி அப்படிப்பட்டது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூட அதில் போகாது. காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும். கேரட், பீன்ஸ், உருளை, முருங்கை எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் வேக வைத்து, குழைய வெந்த பாசிப்பருப்பைக் கலந்து, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றுவார்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் சொதி வைப்பது பாவம் என்று சொல்லுகிற திருநெல்வேலிக்காரர்கள் எனக்குத் தெரியும். வெறும் சொதி கொஞ்சம் சாதுவாக இருக்கும். இஞ்சித் துவையல் ஒரு தொடு தொட்டால்தான் விழித்துக்கொள்ளும்.

உங்கள் தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது என்பதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. பாலில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். கடும் சூட்டிலும் புளிப்பிலும் அது கட்டிப்பட்டுப் பிடியை விட்டுவிடும். நீங்கள் தக்காளி கொதிக்கிற குழம்பில் முதல் பாலை ஊற்றி, தளதளவென்று கொதிக்க வேறு விடுகிறீர்கள். பிரியாமல் என்ன செய்யும்? முதல் பாலுக்கு ஓரத்தில் சின்னக் குமிழி வருகிற சூடு போதும். மூடி போடாமல் கிளறிக்கொண்டே இருந்து இறக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றாமல், ஒரு கரண்டி சூடான குழம்பை அதில் கலந்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஊற்றுங்கள்.

யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. பேர் ஒன்றே தவிர ஆள் வேறு. பருப்பு, காய்கறி அடைசல் இல்லாமல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று மெலிதாக இருக்கும். இடியப்பத்தை நனைக்கத்தான் அது. இரண்டாம் பாலை அங்கே கப்பிப்பால் என்பார்கள், எனக்குப் பிடித்த சொல். கறி வைக்கும்போதும் கப்பிப்பாலில் வேக வைத்து முதற்பாலில் முடிப்பார்கள். அவர்கள் தூளின் கதை, மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நிறம் மாற வறுத்து இடிப்பதில் இருக்கிறது. தூள் ஏற்கெனவே வறுபட்டது என்பதால் எண்ணெயில் திரும்பவும் வறுத்தால் கசந்துவிடும். உங்களிடம் இருக்கும் யாழ்ப்பாணப் பாக்கெட்டைப் பாலோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். தக்காளி வேண்டாம், கடைசியில் தேசிக்காய், அதாவது நம் எலுமிச்சை, பிழியுங்கள். அந்தப் பாக்கெட்டுக்கு இத்தனை நாள் அநியாயம் செய்திருக்கிறீர்கள்.

மோர்க்குழம்பு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஈரோட்டு வெயிலுக்கு அதை விடலாமா? துவரம்பருப்பும் பச்சரிசியும் ஒவ்வொரு ஸ்பூன் ஊறப்போட்டு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்துப் புளித்த மோரில் கரைத்து, நுரைத்துப் பொங்கி வரும்போது இறக்க வேண்டியதுதான். அரிசியும் பருப்பும்தான் அதைத் திரியாமல் பிடித்து வைக்கிற கை. வெங்காயம் வதக்குகிற வேலையே இல்லாத குழம்பு இது. வாரத்தில் ஒரு நாள் இதை நுழைத்தாலே உங்கள் மகன் கண்ணைத் திறந்துவிடுவான்.

குருமா வைக்கிற வியாழக்கிழமையை மாமியார் ஊருக்குக் கொடுங்கள். கும்பகோணம் கடப்பா என்று ஒன்று இருக்கிறது, ஆந்திரத்துக் கடப்பாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக வைத்து, தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், பூண்டு அரைத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து இட்லிக்கு ஊற்றுவது. சிலர் கசகசாவும் சேர்ப்பார்கள். குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். சோற்றுக்கு ஊற்றினால் பாழ்.

செட்டிநாடு என்றால் காரம் என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். அங்கே வாசனைதான் ராஜா. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் சூடான எண்ணெயில் முதலில் விழ வேண்டும், அதுவும் கொஞ்சமாக. கல்பாசி கூடினால் குழம்பு ஈரமான பழைய பெட்டி மாதிரி மணக்கும். பாக்கெட்டில் பொடியாகிக் கிடக்கிற கல்பாசிக்கு ஆயுள் குறைவு. இருபது கிராம் முழுசாக வாங்கி டப்பாவில் வையுங்கள், வருஷம் ஓடும்.

மீனுக்குப் புளி மாற்றிப் பாருங்கள். கேரளத்தில் போடுகிற குடம்புளி கறுப்பாகச் சுருங்கிப் புகை மணத்தோடு இருக்கும். கேரளச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். அரைக் கிலோ மீனுக்கு மூன்று துண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேருங்கள். புளிக்கரைசல் போல வாயைக் கூசாத, மெல்ல ஏறுகிற புளிப்பு. மண்சட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள். அன்றே சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் குழம்பு எங்கே? ஒன்பது பாக்கெட்டிலும் கொங்கு இல்லை, கவனித்தீர்களா? உங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அரைத்து ஊற்றிய குழம்பு நினைவிருக்கும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம், கொப்பரையோ தேங்காயோ, எல்லாவற்றையும் கடலை எண்ணெயில் வதக்கி அம்மியில் வழுவழுவென்று அரைத்தது. பட்டை கிராம்பு சும்மா தலைகாட்டும், அவ்வளவுதான். பள்ளிபாளையத்துச் சிக்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, உங்கள் ஊர் மஞ்சள்; மசாலாத்தூளே இல்லாமல் ஒரு கறி. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் பள்ளிபாளையம். யாழ்ப்பாணம் வரை போய்ப் பாக்கெட் தேடியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை மட்டும் மாற்றாமல் உங்கள் பழைய வழியிலேயே வையுங்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு அங்கே அழகாகப் பொருந்தும். மற்ற நாளில் அது இல்லாவிட்டால்தான் ஞாயிறு ஞாயிறாகத் தெரியும்.

மீதிப் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிரித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை முகர்ந்து பாருங்கள். மணம் இருந்தால் மீன் வறுவலுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் ஒன்றொன்றாகத் தீர்த்துவிடலாம். தீயல் வைத்த அன்று மகன் என்ன சொன்னான் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.