கத்தி கிடைத்தும் வழக்கு நிற்காதா? சாட்சியச் சட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: "நான்தான் குத்தினேன், கத்தி வீட்டுக் கூரையில் இருக்கிறது" என்று கைதானவர் போலீஸிடம் சொல்கிறார். கத்தியும் கிடைக்கிறது. இன்னும் என்ன நிரூபணம் வேண்டும்?

பதில்: நிறையவே வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கைதானவருக்கு எதிராகப் பயன்படுத்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே தடை விதித்தது. அடி தாங்காதவர் எதையும் ஒப்புக்கொள்வார். ஆனால் அவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 1946-இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அப்போது இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கியது. கத்தி கூரையில் இருப்பதாகச் சொன்னது செல்லும். அந்தக் கத்தியால் குத்தியதாகச் சொன்னது செல்லாது. ஆகவே கத்தி இருந்த இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே இதில் தெரிகிறது. குத்தியவர் யார் என்பதை ரத்தக்கறை, நேரில் கண்ட சாட்சி என வேறு வழியில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 1872 சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 23-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது. என்னைக் கேட்டால், போலீஸ் இந்த விதிவிலக்கின் மீது அளவுக்கு மீறிச் சாய்கிறது. கத்தியைக் கைப்பற்றிய பதிவில் (மகஜர்) கையெழுத்திட்ட சாட்சி பிறழ்ந்துவிட்டால் கத்தியின் கதையும் ஆட்டம் காணும்.

கேள்வி: வாரன்ட் இல்லாமல் கைப்பற்றிய ஆவணம் தள்ளுபடியாகுமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக ஆகாது. சோதனை சட்டவிரோதமானாலும், வழக்குக்குத் தொடர்புள்ள சாட்சியத்தை ஏற்கலாம் என்று பூரண் மல் வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1961-இல் வந்த மேப் தீர்ப்பு இதற்கு நேர் எதிர்: சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை ஏற்கக் கூடாது என்றது. அங்கே குற்றவாளி தப்பிவிடுகிறார் என்ற குறை உண்டு. இங்கே விதி மீறிய அதிகாரி தப்பிவிடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. போதைப்பொருள் வழக்கில் மட்டும் கவனம்: உடற்சோதனை விதியை மீறினால் தண்டனையே நிலைக்காமல் போகலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததாகச் சொன்னதை நான் சாட்சியாகச் சொல்லலாமா?

பதில்: பொதுவாக முடியாது. பார்த்தவரே கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். மரண வாக்குமூலம் முக்கியமான விதிவிலக்கு.

கேள்வி: என் தம்பியை நார்கோ சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியுமா?

பதில்: முடியாது, மருந்து செலுத்தி மயக்க நிலையில் விசாரிக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாகச் செய்வதைச் செல்வி வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சம்மதித்தாலும் மயக்கத்தில் பேசியது சாட்சியமாகாது. ஆனால் அந்தப் பேச்சின் பேரில் பிறகு ஒரு பொருள் கிடைத்தால் அது அவருக்கு எதிராக வரலாம். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்வார்கள். அதற்கு முன்பே வழக்கறிஞரைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.