250ஆம் ஆண்டுப் பரிசு: கொடி தைப்பதா, பழைய சாம்ப்ளர் தைப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் அமெரிக்கத் தோழிக்கு, அவர்கள் நாட்டின் 250ஆம் ஆண்டை ஒட்டி கிராஸ் ஸ்டிச் (பெருக்கல் குறித் தையல்) ஒன்று தைத்துக் கொடுக்க ஆசை. கொடியும் கழுகும் போட்ட சார்ட் (கட்டமிட்ட தையல் வரைபடம்) எடுக்கலாமா, 'பழைய சாம்ப்ளர் மறுபதிப்பு' என்று விற்பதை எடுக்கலாமா? மேட்டித் துணியில் தைத்த பழக்கம் உண்டு.

பதில்:

சாம்ப்ளர் எடுங்கள். கொடி சார்ட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கும் கீழே வழி சொல்கிறேன். ஆனால் 250 ஆண்டுக் கதைக்காகத் தைக்கிறீர்கள் என்றால், அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஒரு சிறுமி தன் கையால் போட்ட தையலை அப்படியே திரும்பப் போடுவதற்கு ஈடாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாம்ப்ளர் என்பது பெண்பிள்ளைகளின் பயிற்சித் துணி. எட்டு, பத்து வயதில் ஊசி பிடிக்கவும் எழுத்து கற்கவும் ஒரே துணியில் பழக்குவார்கள். அரிச்சுவடி, எண்கள், ஒரு பக்திப் பாட்டு, கீழே வீடு, மரம், பறவை, கடைசியில் பெயர், வயது, ஆண்டு. வீட்டிலுள்ள படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றிலும் உரியவரின் முதலெழுத்தையும் எண்ணையும் நூலால் குறித்து வைப்பது அன்றைய வழக்கம். அரிச்சுவடி இவ்வளவு முக்கியமானதற்கு அதுவும் ஒரு காரணம். கையெழுத்துப் போடவே வாய்ப்பில்லாமல் வாழ்ந்து மறைந்த எத்தனையோ பெண்களுக்கு, அவர்கள் கையால் பதிந்த பெயர் என்று மிஞ்சியிருப்பது இந்தத் துணி மட்டும்தான்.

அமெரிக்காவில் தைத்தவற்றில் இன்று கிடைப்பதில் மிகப் பழையது லோரா ஸ்டாண்டிஷ் தைத்தது. 1653 வாக்கில் போட்டது. அகலம் குறைந்து, வரிவரியாகப் பூவேலை ஓடும் நீளத் துணி. மாசசூசெட்ஸில் பிளிமத் ஊரின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மகள். தன் பெயரைச் சொல்லித் தொடங்கி, உன் சித்தப்படி நடக்க என் மனதை நடத்து, என் கைகளுக்குத் திறமை கொடு என்று ஆண்டவரிடம் கேட்கிறாள். தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டாள். தன்னை மகளின் அருகில் புதைக்க வேண்டும் என்று அவர் உயிலில் எழுதி வைத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் துணியை வெறும் பூ வேலையாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

நாட்டுப்பற்று எங்கே என்று கேட்பீர்கள். பழைய சாம்ப்ளர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நான்கு வரிப் பாட்டு உண்டு. என் பெயர் இன்னது, என் நாடு இன்னது, நான் குடியிருக்கும் ஊர் இன்னது, கிறிஸ்துவே என் மீட்பு. இங்கிலாந்துச் சிறுமிகள் 'நாடு' என்ற இடத்தில் இங்கிலாந்து என்று போட்டார்கள். கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும் அதே இடத்தில் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) என்று போட்டார்கள். பிற்பாடு அமெரிக்கா என்று போட்டவையும் வந்தன. பாட்டு மாறவில்லை, அந்த ஒரு சொல் மட்டும் மாறியது. ஒரு மக்கள்கூட்டம் தன்னை எந்த நாடாக நினைக்கத் தொடங்கியது என்பது பத்து வயதுப் பிள்ளையின் ஊசியில் பதிந்திருக்கிறது. எந்தக் கழுகுப் படமும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

நான் பார்த்த பழைய சாம்ப்ளர்களில் கொடி அரிதுதான். கழுகு ஓரளவு உண்டு. 1782-இல் நாட்டின் முத்திரையில் கழுகு வந்த பிறகு தட்டு, நாற்காலி, துணி என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸில் மேரி பால்ச் நடத்திய பள்ளியில் பிள்ளைகள் தங்கள் ஊர் அரசு மாளிகையையே தைத்தார்கள். புதிய குடியரசின் மீதிருந்த பெருமையைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த வழி அது. 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்த பிறகு, கல்லறை, தாழி, வில்லோ மரம், அழும் பெண் என்று துக்கச் சித்திரங்கள் ஏராளமாக வந்தன. ஆனால் அவை பட்டுத் துணியில் பட்டு நூலால் போட்டவை, முகம் மட்டும் வண்ணத்தால் தீட்டியது. கிராஸ் ஸ்டிச் சார்ட்டாக இன்று விற்பது அவற்றின் தழுவல்.

உங்கள் தோழி நியூ ஜெர்சி என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த மாநிலத்தின் பர்லிங்டன் வட்டாரத்தில் மேரி ஆன்ட்ரிம் என்ற பெண் 1807-இல் தைத்த சாம்ப்ளர், 2012-இல் நியூயார்க் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. பெட்டி ரிங் என்ற ஆய்வாளர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பிலிருந்து வந்தது அது. எந்தத் துணி எந்த ஊர், எந்த ஆசிரியை என்று தையலின் அமைப்பை வைத்தே பிரித்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பள்ளிகளின் பாணியில் சார்ட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பாதி வட்டம், முழு வட்டம் என்று ஒற்றை நிறத்தில் போகும் வடிவங்கள். முதல் முறை சாம்ப்ளர் தைப்பவருக்கு அதைத்தான் சொல்வேன்: நிறம் மாற்றும் தொல்லை இல்லை, தோழியின் ஊரோடு உறவும் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல மறுபதிப்பு என்றால் தைத்த பெண்ணின் பெயர், ஆண்டு, மூலத்துணி எங்கே இருக்கிறது, எங்கெங்கே மாற்றினோம் என்று சார்ட்டிலேயே எழுதியிருப்பார்கள். அவள் எண்ணிக்கை தவறிப் போட்ட தையலைக்கூட அப்படியே விட்டிருப்பார்கள். இதெல்லாம் இல்லாமல் 'பழங்கால' என்று மட்டும் போட்டிருந்தால் அது சாயலில் வரைந்த புது வடிவம். தைக்கலாம், தப்பில்லை, ஆனால் மறுபதிப்பு என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். மூலத்துணிக்குப் பதிப்புரிமை காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதை எண்ணிச் சார்ட்டாக வரைந்தவரின் உழைப்புக்கு உரிமை உண்டு. இணையத்தில் சுற்றும் இலவச நகலை எடுக்க வேண்டாம்.

அரிச்சுவடியில் ஜே, யூ எழுத்துகள் இல்லாவிட்டால் அச்சுப் பிழை என்று பதற வேண்டாம். பழைய வழக்கத்தில் ஐ-யும் ஜே-யும் ஒரே எழுத்து, யூ-வும் வி-யும் ஒரே எழுத்து. 24 எழுத்துதான் வரும். அதை 26 ஆக்கிச் 'சரிசெய்யாதீர்கள்'.

அப்புறம் நிறம். கண்ணாடிக்குள் தொங்கும் சாம்ப்ளர் பழுப்பும் சாம்பலுமாகத் தெரிவதால், அந்தக் காலத்தில் எல்லாம் மங்கலாகத்தான் தைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் படாத பக்கம் அது. அவுரி நீலம் நன்றாகத் தாங்கும். பச்சை என்பது நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றியது, மஞ்சள் முதலில் வெளுக்கும். அதனால்தான் பழைய துணிகளில் இலைகள் நீலமாக இருக்கின்றன. கறுப்புக்கு இரும்புச் சத்து சேர்த்த சாயம், அது நூலையே அரித்துவிடும். வீட்டின் ஓரக்கோடு மட்டும் உதிர்ந்து ஊசித்துளை மிஞ்சியிருப்பதைப் பல துணிகளில் பார்க்கலாம். சில மறுபதிப்புகள் இன்றைய மங்கல் நிறத்தைத் தருகின்றன, சில பின்பக்க நிறத்தை. நான் பின்பக்க நிறத்தின் கட்சி. அந்தப் பிள்ளை கண்ட நிறம் அதுதானே. பழமை வர வேண்டும் என்று துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்குகிறார்கள். நாளடைவில் துணிக்குக் கேடு, வேண்டாம். பழுப்பு லினன் (ஆளிநார்த் துணி) தயாராகவே கிடைக்கிறது.

மேட்டித் துணிப் பழக்கம் இருப்பதால் 14 எண்ணிக்கை ஐடா (கட்டம் கட்டமாக நெய்த துணி) உங்களுக்கு எளிது, அங்குலத்துக்கு 14 தையல். சாம்ப்ளர் முகம் சரியாக வருவது லினனில்தான். 32 எண்ணிக்கை லினனில் இரண்டு இழைக்கு ஒரு தையல் போட்டால் அங்குலத்துக்கு 16. சார்ட் 140 தையல் அகலம் என்றால் ஐடாவில் 10 அங்குலம், இந்த லினனில் 8¾. ஓரத்தில் சுற்றிலும் மூன்று அங்குலமாவது விட்டு வெட்டுங்கள், சட்டம் போடுபவர் வாழ்த்துவார். சார்ட்டில் பெரும்பாலும் டி.எம்.சி. நிறுவன நூலின் எண் இருக்கும். அதற்குப் பதில் ஆங்கர் நிறுவன நூல் வாங்குவதானால் மாற்று அட்டவணையை மட்டும் நம்பாமல் கடையில் நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி, தோழிக்குக் கொடிதான் பிடிக்கும் என்றால். முதலில் எந்த ஆண்டுக் கொடி என்று முடிவு செய்யுங்கள். 1777 ஜூன் 14 தீர்மானப்படி 13 கோடு, 13 நட்சத்திரம். 1795 முதல் 15 கோடு, 15 நட்சத்திரம். பால்டிமோரில் மேரி பிக்கர்ஸ்கில் 1813-இல் தைத்த பெரிய கொடி இந்த வகை. மகளும் உறவுப் பெண்களும், கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும் அவரோடு இருந்தார்கள். 1818 சட்டம் கோடுகளை மீண்டும் 13 ஆக்கியது. இன்றைய 50 நட்சத்திரம் 1960 ஜூலை 4 முதல். வட்டமாக 13 நட்சத்திரம் போட்ட சார்ட்டில் பெட்சி ராஸ் பெயர் இருக்கும். அவர் கொடி தைத்தவர் என்பதற்கு 1777-இன் கணக்குப் பதிவு உண்டு. ஆனால் முதல் கொடியை வாஷிங்டன் கேட்டு அவர் தைத்தார் என்ற கதையை அவருடைய பேரன் 1870-இல்தான் பொதுவில் சொன்னார், அந்தக் கால ஆவணம் எதுவும் இல்லை. பரிசோடு கதை சொல்வதானால் இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்னக் கொடியை நீங்களே கட்டம் போட்டு வரையலாம். ஒரு கோட்டுக்கு இரண்டு தையல் உயரம் என்றால் மொத்த உயரம் 26, அகலம் 49. நீலக் கட்டம் ஏழு கோட்டு உயரம், அதாவது 14 தையல், அகலம் 20. நட்சத்திரங்கள் ஒன்பது வரிசை, ஆறும் ஐந்துமாக மாறிமாறி. ஒன்றுக்கு ஒரு வெள்ளைத் தையல் வைத்தால் 50-உம் உள்ளே அடங்கும். சிவப்புக்கு டி.எம்.சி. 498, நீலத்துக்கு 336 வைத்தால் கண்ணைக் குத்தாது. சிவப்பு நூல் சாயம் விடலாம். தைக்கும் முன் ஒரு துண்டு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். முடிந்த பிறகு குளிர்ந்த நீரில் அலசி, மடிக்காமல் விரித்துக் காய வையுங்கள்.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு இழை உண்டு. கனெக்டிகட்டின் நார்விச்சில் 1796-இல் பிறந்த ஹாரியட் வின்ஸ்லோ யாழ்ப்பாணம் வந்து, 1824-இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். எழுத்தோடு தையலும் அங்கே பாடம். நியூ இங்கிலாந்துப் பெண்பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்களோ, அந்த முறை கப்பலேறித் தமிழ்ப் பிள்ளைகளிடமும் வந்தது. அதே காலத்தில் செரோக்கீ இனச் சிறுமிகளும் மிஷன் பள்ளிகளில் சாம்ப்ளர் தைத்தார்கள். பால்டிமோரில் கறுப்பினக் கன்னியர் நடத்திய பள்ளியின் மாணவிகளும் தைத்தார்கள். மறுபதிப்பு தேடும்போது இவர்களுடையதையும் தேடுங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் துணிகளே அதிகம் பாதுகாக்கப்பட்டதால், சந்தையில் வரும் சார்ட்டுகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

நாள் குறைவாக இருந்தால் முழு சாம்ப்ளரில் இறங்காதீர்கள். குவேக்கர் வட்டம் ஒன்று, கீழே அந்த நான்கு வரிப் பாட்டின் முதல் மூன்று வரி, தோழியின் பெயரும் ஊரும் வைத்து. ஒற்றை நிறம், கருநீலம். எந்தச் சார்ட் என்று முடிவு செய்ததும் அதன் தையல் அளவைக் கீழே எழுதுங்கள், எவ்வளவு துணி, எத்தனை கண்டு நூல் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.