மெர்லோ சிவப்பு வைன் நெடுங்காலம் முதிரக்கூடியதா என்பதைச் சுவைத்து எப்படி அறிவது?

பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள பொமரோலின் களிமண்ணில் விளையும் மெர்லோ திராட்சையின் வைன், இளமையிலேயே பிளம் பழச் சதைப்பற்றோடு வாயை நிறைப்பதால், அது நெடுநாள் தாங்காது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அங்குள்ள பெட்ரூஸ் தோட்டம் ஏறத்தாழ முழுவதும் மெர்லோவைக் கொண்டே பல பத்தாண்டுகள் முதிரும் வைனைத் தருகிறது.

சுமார் 17 டிகிரி செல்சியஸில் ஊற்றிய கிண்ணத்தை வெள்ளைத்தாளின் மேல் சாய்த்தால், விளிம்பின் ஊதா இளமையையும் செங்கல் நிறம் முதிர்ச்சியையும் காட்டும். மணத்தில் ஓக் பீப்பாயின் வனிலா மட்டுமே மேலோங்கினால், அது நெடுநாள் முதிருமா என்று நான் ஐயப்படுவேன்.

உண்மையான தீர்ப்பு நாவில்தான் இருக்கிறது: பழத்தின் இனிமைக்கு அடியில், ஈறுகளைப் பற்றும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கரடுமுரடின்றிச் செறிவாக உள்ளதா, வாயூறச் செய்யும் புளிப்பு போதுமா, விழுங்கிய பின்னும் சுவை நெடுநேரம் தங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மெர்லோவில் புளிப்பு எளிதில் குறைந்துவிடும் என்பதால், வெப்பம் மிகுந்த ஆண்டின் வைனில் இதையே முதலில் சோதியுங்கள்.