வீட்டுக்குள் வளரும் மணி ட்ரீ: மழைக்காலத்தில் இலை பழுத்து உதிர்வது ஏன்?

கேள்வி: சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிட்டு வருகிறேன். ஐந்து தண்டுகளைப் பின்னி வளர்த்த மணி ட்ரீ ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். அது ஒன்றரை ஆண்டாக எங்கள் முன்னறையில் இருக்கிறது. தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். கோடையில் நன்றாக நின்ற மரம், ஐப்பசி மழை தொடங்கியது முதல் இலை பழுத்து உதிர்கிறது. ஒரு தண்டின் அடி மெத்தென்று இருக்கிறது. சதுப்பு நிலத்து மரம் என்கிறார்களே, அதற்குத் தண்ணீர் எப்படி மிகும்? ஆண்டு முழுவதும் இதை எப்படிப் பராமரிப்பது?

பதில்: அன்புடையீர், உங்கள் மரத்துக்கு வந்திருப்பது வேரழுகல். கோடையில் ஊற்றிய அதே அளவு நீரை மழைக்காலத்திலும் ஊற்றியதே அதற்குக் காரணம்.

சதுப்பு நிலத்து மரம் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பச்சிரா அக்குவாட்டிக்கா எனப்படும் இம்மரம் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆற்றங்கரைகளிலும் கழிமுகங்களிலும் வளர்வது. ஆனால் அங்கே அது திறந்த வெளிச்சத்தில் பெருமரமாக நின்று, உறிஞ்சும் நீரையெல்லாம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. அறைக்குள் வெளிச்சம் குறைவு. இலை செலவிடும் நீரும் குறைவு. மிஞ்சிய நீர் தொட்டி மண்ணின் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. தேங்கிய நீரில் நெல் தழைப்பதற்குக் காரணம், காற்றை வேர்வரை கொண்டுசெல்லும் காற்றறைகள் அதன் தண்டிலும் வேரிலும் இருப்பதே. தொட்டியில் வளர்ந்த மரத்தை அந்தக் கணக்கில் வைக்க வேண்டாம். பாட்டில் தண்ணீரிலேயே வளரும் மணி பிளாண்ட் கொடியும் இதுவும் வேறு வேறு. நம் ஊர் இலவமரமே இதற்கு நெருங்கிய உறவு. ஒரே காம்பில் விரல்கள்போல் விரியும் இலைகளைப் பார்த்தாலே அது விளங்கும். அடித்தண்டு பருத்திருப்பது நீரைச் சேமித்து வைப்பதற்காகத்தான். ஆகவே சில நாள் மண் காய்ந்து கிடந்தாலும் இம்மரம் எளிதில் தாங்கும்.

முதலில் மரத்தைக் காப்பாற்றுவோம். தொட்டியிலிருந்து மண்ணோடு எடுத்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் விறைப்பாக உள்ளவை நல்ல வேர்கள். பழுப்பேறிக் குழகுழத்து நாறுபவற்றைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிடுங்கள். மெத்தென்றிருக்கும் தண்டு இனிப் பிழைக்காது. பின்னலிலிருந்து அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மற்ற நான்கும் காயப்படாமல் உருவி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுகல் பக்கத்துத் தண்டுக்கும் பரவக்கூடும். பின்னலைக் கட்டிய நாடாவோ கம்பியோ இன்னும் இருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள், ஏனெனில் தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்புப் பூஞ்சைக்கொல்லி கலந்த கரைசலைப் புது மண்ணில் ஒரு முறை ஊற்றலாம். அதனுடன் டிரைக்கோடெர்மாவைச் சேர்க்க வேண்டாம், செம்பு மருந்து அந்த நன்மை செய்யும் பூஞ்சையையும் கொன்றுவிடும்.

வயல் வண்டலையோ கரிசலையோ தொட்டியில் போடாதீர்கள், இரண்டும் இறுகிவிடும். உப்புப் போக அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுஉரம் தலா ஒரு பங்கு என்ற கலவை போதும். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். வேர்க்கட்டைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவும் இருக்கக் கூடாது.

நீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணில் விட்டு, இரண்டு அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை, வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மண் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். அப்போது மேற்குச் சன்னலிலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள். பிற்பகல் வெயில் நேரே பட்டால் இலை கருகும்.

ஆனி, ஆடி மாதங்களில்தான் நம் சமவெளியில் கூடுதல் கவனம் வேண்டும். குற்றாலத்தில் சாரல் பொழியும்போது சேரன்மகாதேவிக்கும் நெல்லைக்கும் பெரும்பாலும் காற்றுதான் வந்து சேர்கிறது. அந்த வறண்ட காற்று சன்னல் வழியே நேரே அடித்தால் இலையோரம் காய்ந்து, அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன் பெருகும். இலை மங்கிப் புள்ளி புள்ளியாய் வெளுத்தால் அதுதான் அறிகுறி. ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்து, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் இதுவே போதும். ஆனி, ஆடி மரம் தளிர்விடும் பருவமும் ஆதலால், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து மாதம் ஒரு முறை ஊற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் பிசான பருவ நெல் நடவில் இருக்கும்போது மரம் ஏறக்குறைய உறங்குகிறது. வானம் மூடியிருக்கும் இந்நாட்களில் உரத்தை நிறுத்தி, தொட்டியைக் கிழக்குச் சன்னலருகே நகர்த்துங்கள். மண் காயப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், பொறுத்திருங்கள். மார்கழிக் குளிர் நம் ஊரில் இம்மரத்தை ஒன்றும் செய்யாது, ஏ.சி.யின் காற்று நேரே படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர் வெட்டிய மரத்தில் இன்னும் சில இலைகள் உதிரும். அதைக் கண்டு நீரைக் கூட்டிவிடாதீர்கள். எஞ்சிய தண்டுகள் கெட்டியாக இருக்கும்வரை மரத்துக்கு உயிர் உண்டு. மாசி வாக்கில் நுனியில் தளிர் தெரிந்தபிறகே உரம் கொடுங்கள்.