நண்பர்களோடு ஸ்பெயினில் பேக்பேக்கிங்: கடைசி ஒரு வாரத்தை எங்கே கழிக்கலாம்?

மூன்று வாரம் சுற்றிய பிறகு மிச்சமிருக்கும் ஆறேழு நாளைப் பார்சிலோனாவுக்குக் கொடுப்பதா, இபிசா மாதிரி ஒரு தீவுக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பேன். மாட்ரிட்டிலிருந்து வடமேற்கே பஸ் ஏறி, கலீசியா பகுதியில் இருக்கும் சார்ரியா என்ற சிறிய ஊரில் போய் இறங்குங்கள். அங்கிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரைக்கும் நடந்து போங்கள். சுமார் 115 கிலோமீட்டர், ஐந்து நாள். அதற்கப்புறம் ஒரு நாள் கையில் இருந்தால் ஃபினிஸ்தேரே என்ற கடலோர ஊருக்குப் போய்விட்டு வீடு திரும்புங்கள். நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் செய்தோம். அந்தக் கடைசி நாட்கள் இல்லாமல் போயிருந்தால் எங்கள் ஸ்பெயின் பயணம் ஒரு மனக்கசப்போடு முடிந்திருக்கும்.

நாங்கள் கோவையில் ஒரே கல்லூரி விடுதிக் காலத்து நட்பு. பார்சிலோனா, வலென்சியா, கிரனாடா, கொர்தோபா, செவில்யா, மாட்ரிட் என்று பதினெட்டு நாள் ஓடினோம். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமீலியா என்ற பெரிய தேவாலயத்துக்கு முன்னால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். கொர்தோபாவின் பழைய மசூதியில் 856 தூண்களுக்கு நடுவே அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அதே நாங்கள்தான் மாட்ரிட் வந்ததும் பிராதோ அருங்காட்சியகத்தில் ஓவியத்தைப் பார்க்காமல் உட்கார பெஞ்சு தேடினோம். கண் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எதைக் காட்டினாலும் உள்ளே போகாது.

கூடவே ஒரு சண்டையும் இருந்தது. எங்களில் செலவுக் கணக்கு எழுதுபவனைக் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். கிரனாடாவில் இருக்கும் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை அரண்மனைக்கு டிக்கெட் போடும் பொறுப்பு அவனுடையது. அங்கே முக்கியமான இடம் நஸ்ரித் அரண்மனைகள். உள்ளே போக டிக்கெட்டிலேயே நேரம் குறித்திருக்கும், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், பல நாள் முன்பே தீர்ந்தும்விடும். அவன் அவசரத்தில் போட்டது தோட்டமும் கோட்டையும் மட்டும் பார்க்கும் டிக்கெட். எங்கள் டாக்டர் தோழி, பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும் அந்த நீரூற்று முற்றத்தைப் பார்ப்பதற்காகவே லீவு போட்டு வந்தவள். வாசல் வரை போய்த் திரும்பினாள். அன்றிலிருந்து மாட்ரிட் வரை அவனோடு பேசவில்லை. பணம் கொடுக்க வேண்டுமென்றால்கூட என்னிடம் கொடுத்து அவனிடம் சேர்க்கச் சொல்வாள். (நீங்கள் கிரனாடா போவதாக இருந்தால் டிக்கெட்டில் நஸ்ரித் என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.)

இந்த நிலையில் இன்னொரு பெரிய நகரத்துக்குப் போனால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. நடக்கலாம் என்று சொன்னது நான்காவது நண்பன். அவன் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. அங்கே வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. ஜூலை 25 திருவிழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் கூட்டம் கூடும். "சந்தியாகோன்னா எங்க சந்தியாகப்பர்டா. அவர் ஊருக்கு இவ்வளவு பக்கத்துல வந்துட்டுப் போகாம இருக்க முடியுமா?" என்றான். இயேசுவின் சீடர் யாக்கோபுவைத்தான் ஸ்பானிஷில் சந்தியாகோ என்கிறார்கள். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயத்துக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மக்கள் நடந்து வருகிறார்கள். அந்த வழிக்குக் கமினோ என்று பெயர். பிரெஞ்சு எல்லையிலிருந்து நடந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் தருவார்கள் என்பதால் பலர் சார்ரியாவில் தொடங்குகிறார்கள். முழு வழியும் நடந்து வருபவர்களில் சிலர் சார்ரியாக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள். ஐந்து நாள் நடந்தவன் கால் வலியும் கால் வலிதான்.

நாங்கள் போனது அக்டோபர் முதல் வாரம். அப்போது கலீசியாவில் காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் வரும். நிலப்படத்தில் அந்தப் பகுதி போர்ச்சுகலுக்கு நேர் மேலே இருக்கிறது, கடிகாரம் மட்டும் பெர்லின் நேரத்தைக் காட்டுகிறது. அதனால் ஏழு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. தலையில் மாட்டும் டார்ச் எங்களிடம் இரண்டுதான் இருந்தது. தங்கச்சிமடத்துக்காரன் வேகமாக நடப்பவன், அவனோடு ஈடுகொடுத்து நடந்தவன் நான். மிச்சமிருந்த ஒரு டார்ச்சும் பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் பின்னால். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒற்றை வெளிச்சத்தில் கல்லும் வேரும் கிடக்கிற பாதையில் போகும்போது "பார்த்து", "பள்ளம்", "இந்தப் பக்கம் வா" என்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும். முதல் நாள் அவ்வளவுதான் கேட்டது. மூன்றாம் நாள் காலை, கஷ்கொட்டை மரங்களுக்குக் கீழே நானும் அவனும் நின்று காத்திருந்தபோது, இருட்டுக்குள்ளிருந்து முதலில் அவர்கள் சிரிப்புதான் வந்தது. அப்புறம் டார்ச் வெளிச்சம். அவன் மன்னிப்புக் கேட்டானா, அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை நான் கேட்டதில்லை.

வழி தவறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். மரத்தில், சுவரில், மின்கம்பத்தில் எல்லாம் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். எலியாஸ் வலீன்யா என்ற பங்குப் பாதிரியார், சார்ரியாவுக்கு முன்னால் இருக்கும் மலைக்கிராமமான ஓ செப்ரெய்ரோவில் இருந்தவர், கிட்டத்தட்ட மறந்துபோயிருந்த இந்தப் பாதையில் 1980களில் மஞ்சள் பெயின்ட்டோடு கிளம்பி அம்பு வரையத் தொடங்கினார். இன்று லட்சக்கணக்கானவர்கள் பின்பற்றுவது அந்த அம்புகளைத்தான். ஒரு தனி மனிதரின் கைவேலை இத்தனை பேருக்கு வழி காட்டுகிறதே என்று எனக்கு ஒவ்வொரு அம்பைப் பார்க்கும்போதும் தோன்றும்.

தங்குவதற்கு அல்பெர்கே என்ற யாத்ரீகர் விடுதிகள் உண்டு. கலீசிய அரசு நடத்துபவை மிகவும் மலிவு, பத்து யூரோ அளவில் ஒரு கட்டில். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சமையலறையில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது! இது தெரிந்து மாட்ரிட்டிலேயே ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் வாங்கிப் பையில் கட்டிக்கொண்டோம். டாக்டர் கொண்டுவந்த ரசப்பொடியைப் போட்டுக் கொதிக்க வைத்ததும் பக்கத்துக் கட்டில் இத்தாலியர்கள் மோப்பம் பிடித்துக் கோப்பையோடு வந்தார்கள். சார்ரியாவிலேயே யாத்ரீகர் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போகிற வழியில் கோயிலிலோ கடையிலோ ஒரு நாளைக்கு இரண்டு முத்திரையாவது அதில் குத்தியிருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் கடைசியில் சான்றிதழ் தருவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெலிதே என்ற ஊர் ஆக்டோபஸுக்குப் பேர்போனது. பெரிய செப்பு அண்டாவில் வேகவைத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, மரத்தட்டில் போட்டு, ஆலிவ் எண்ணெயும் சிவப்பு மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். "பேய்க்கணவாய்! எங்க வீட்டுல இதச் சமைக்கவே மாட்டாங்க, வலையில விழுந்தா கம்பெனிக்குப் போட்டுருவோம்" என்றவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். கணக்கப்பிள்ளை சைவம், முட்டை மட்டும் உண்டு. அவனுக்கு உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட்டான தொர்த்தியா, அர்சுவா ஊர்ப் பாலாடைக்கட்டி, பத்ரோன் மிளகாய். இந்த மிளகாயைப் பச்சையாக எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருகிறார்கள். சில காரம், சில காரமில்லை என்று அவர்கள் மொழியில் ஒரு சொலவடையே இருக்கிறது. எது காரம் என்று கடித்தால்தான் தெரியும். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்தோ என்ற கீரை சூப்பில் பார்க்கக் கீரையும் கிழங்கும்தான் தெரியும், ஆனால் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

போகிற ஊர்களில் என் மனதில் நின்றது போர்த்தோமரீன். முதல் நாள் நடையின் முடிவில் மின்யோ ஆற்றின் மேல் உயரமான பாலத்தைத் தாண்டி அந்த ஊருக்குள் போக வேண்டும். பழைய ஊர் பாலத்துக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களில் பெலேசார் அணை கட்டியபோது மூழ்கிப்போனது. ஊரின் கோட்டை போன்ற கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, மேட்டில் கொண்டுவந்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். சுவரோரமாகப் போய்ப் பார்த்தால் சில கற்களில் அந்த எண்கள் இப்போதும் மங்கலாகத் தெரிகின்றன. நாங்கள் போனபோது நீர்மட்டம் இறங்கி, பழைய பாலத்தின் மிச்சமும் வீட்டுச் சுவர்களும் வெளியே தெரிந்தன. தங்கச்சிமடத்துக்காரன் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். 1964 புயலில் தனுஷ்கோடி போனபோது அவன் அப்பத்தா அங்கேதான் இருந்தாராம். "அங்க யாரும் கல்லுக்கு நம்பர் போடல" என்று மட்டும் சொன்னான்.

மற்ற நாட்கள் மளமளவென்று போய்விட்டன. யூகலிப்டஸ் தோப்புகள், மாட்டுச்சாண வாசனை அடிக்கும் சந்துகள், கல் தூண்களின் மேல் நிற்கும் ஒரேயோ என்ற தானியக் குதிர்கள். எலி ஏறாமலிருக்கத் தூணுக்கும் குதிருக்கும் நடுவே தட்டைக்கல் வைத்திருப்பார்கள். எதிரில் வருபவர் எல்லாரும் "புவென் கமினோ", அதாவது நடை நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். டாக்டர் எங்கள் கொப்புளங்களுக்கு மருந்து போட்டே களைத்துப்போனாள். செருப்பு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: ஊரிலேயே இரண்டு மாதம் போட்டுப் பழகிய ஷூவோடு போங்கள்.

ஐந்தாம் நாள் மதியம் சந்தியாகோவுக்குள் நுழைந்தோம். பேராலயத்துக்கு முன்னிருக்கும் சதுக்கத்துக்குப் போக ஒரு வளைவுக்குக் கீழே படியிறங்க வேண்டும். அங்கே ஒருவர் கலீசியப் பைக்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஒலி கல் கூரையில் மோதி உடம்பெல்லாம் அதிர்ந்தது. படி முடிந்ததும் வெட்டவெளி. எல்லாரும் பையைத் தலைக்கு வைத்துக் கல்தரையில் மல்லாந்து கிடக்கிறார்கள். நாங்களும் கிடந்தோம். நான்கு தலையும் ஒரு பக்கம், நான்கு ஜோடிக் காலும் நான்கு திசையில். கணக்கப்பிள்ளை மெல்ல டாக்டரின் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

பேராலயத்துக்குள் பெரிய பைகளை விடமாட்டார்கள், விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். பெரிய தூபக்கலசத்தை ஊசலாட்டுவது எல்லாத் திருப்பலியிலும் நடக்காது, நாங்கள் பார்க்கவில்லை. ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையாக வரும் ஆண்டுகள் புனித ஆண்டுகள். அடுத்தது 2027. அந்த ஆண்டு போனால் கூட்டம் மிக அதிகமாக இருக்கும். பலிபீடத்தின் பின்னால் படியேறிப் போய் யாக்கோபுவின் சிலையை முதுகுப்புறமாகக் கட்டிக்கொள்வது பழைய வழக்கம். நண்பன் கட்டிக்கொண்டு, கீழே இறங்கி வெள்ளிப் பேழை இருக்கும் நிலவறையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. "எங்க ஊர்ச் சாமி இங்கதான் தூங்குறாரு" என்றான். நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை பஸ்ஸில் ஃபினிஸ்தேரே போனோம். உலகத்தின் எல்லை என்று ஒரு காலத்தில் நம்பிய முனை. ஸ்பெயினிலேயே இதைவிடக் கொஞ்சம் மேற்கே தோரின்யான் என்றொரு முனை உண்டு, ஆனாலும் நடப்பவர்களுக்கு இதுதான் முடிவு. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம் கிலோமீட்டர் என்று பொறித்த கல் நிற்கிறது. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அங்கே சூரியன் மறைவதைப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம்.

துறைமுகத்தைத் தாண்டும்போது மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தங்கச்சிமடத்துக்காரன் நின்றுவிட்டான். அங்கே ஏலம் உயர்ந்த விலையில் தொடங்கிக் கீழே இறங்குகிறது, யார் முதலில் நிறுத்துகிறாரோ அவருக்கு மீன். நம்மூரில் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். இந்தியாவில் மணி இரவு எட்டரை. அவர் திண்ணையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். சந்தியாகோ பேராலயத்தைக் காட்டியபோதுகூட "சரிப்பா, நல்லா கும்பிட்டியா" என்று முடித்துக்கொண்டவர், இப்போது எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகக் காட்டச் சொன்னார். "அது என்னடா, ஊளி மாதிரி இருக்கு?" "ஐஸ் எவ்வளவு போடுறாங்க?" "படகு எத்தன அடி?" நாங்கள் மூன்று பேரும் ஓடி ஓடி ஒவ்வொன்றாக விசாரித்து வந்து சொன்னோம். எங்கள் அரைகுறை ஸ்பானிஷைப் பொறுத்துக்கொண்டு ஒரு முதிய மீனவர் அலைபேசியை வாங்கி, தன் படகையும் வலையையும் அவரே நடந்து காட்டினார். இவர் தமிழில் கேட்டார், அவர் கலீசிய மொழியில் பதில் சொன்னார்.

கலங்கரை விளக்கத்துக்கு ஏறி முடித்தபோது சூரியன் போய்விட்டிருந்தது.