கழித்த பந்து யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 49. நான்கு வருடமாகச் சென்னையில் கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 24, அதாவது சுமாரான ஆட்டம்தான். நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் 190 கஜம் போகும், பெரும்பாலும் ஸ்லைஸ் ஆகி, அதாவது வளைந்து, வலப்பக்கம் ஒதுங்கிவிடும். டஜன் 5,000 ரூபாய்க்குக் குறையாத, மூன்று அடுக்குள்ள த்ரீ பீஸ் பந்துதான் வாங்குகிறேன். ஓர் ஆட்டத்துக்கு மூன்று, நான்கு தொலைகின்றன. கம்ப்ரெஷன் குறைந்த பந்துக்கு மாறச் சொல்கிறார்கள் சிலர், டூ பீஸ் போதும் என்கிறார்கள் சிலர். எனக்குக் கூடுதல் தூரம் வேண்டும். எந்தப் பந்து சரி? கூடவே ஆட வரும் 13 வயது மகளுக்கு நான் ஆடிக் கழித்ததையும், பை சுமக்கும் கேடிகள் குளத்திலிருந்து எடுத்து விற்பதையும் கொடுத்துவிடுவதால் அந்தச் செலவு மிச்சம். குழி இருக்கும் கிரீனில் பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அவள் அலுத்துக்கொள்வாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது?
— பெயர் வேண்டாம், சென்னை-35

பதில்: எந்தப் பந்து என்று கேட்டு மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் வருகிறது. எழுதுகிறவரின் ஊர் மாறும், வயது மாறும், ‘கூடுதல் தூரம் வேண்டும்’ என்ற வரி மட்டும் மாறாது. உங்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களை நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

தூரம் கடையில் கிடைக்காது. விதிக்கு உட்பட்ட பந்து எதுவானாலும் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மட்டையை விட்டு எவ்வளவு வேகமாகக் கிளம்பலாம், சோதனை இயந்திரம் அடித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லாக் கம்பெனிகளும் அந்த வரம்பை முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. உங்கள் வேகத்தில் அடிக்கிறவருக்கு, ஒரு நல்ல பந்துக்கும் இன்னொரு நல்ல பந்துக்கும் டிரைவரில் சில கஜம்தான் வித்தியாசம் வரும். மட்டையின் நடுவில் பட்ட அடிக்கும் ஓரத்தில் பட்ட அடிக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு.

கம்ப்ரெஷன் என்பது பந்தை அழுத்தினால் எவ்வளவு அமுங்குகிறது என்பதன் அளவு. மெதுவாக வீசுகிறவருக்கு மெத்தென்ற பந்துதான் தூரம் போகும் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மெத்தென்ற பந்து கைக்கு இதமாக இருக்கும், டிரைவரில் ஸ்பின்னும் சற்றுக் குறையும். கூடவே கிளம்பும் வேகமும் கொஞ்சம் குறைகிறது, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது. கைக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், தூரத்துக்காக வாங்காதீர்கள்.

நீங்கள் டூ பீஸ் ஆடுங்கள். உள்ளே ரப்பர் உருண்டை, வெளியே சர்லின் என்று கடைக்காரர்கள் சொல்லும் கெட்டியான உறை, அவ்வளவுதான் அந்தப் பந்து. ஸ்பின் குறைவு என்பதால் உங்கள் ஸ்லைஸ் கொஞ்சம் குறைவாக வளையும், தொலைந்தாலும் வயிறு எரியாது. ஸ்லைஸையே ஒழிக்க எந்தப் பந்தாலும் ஆகாது. அடிக்கிற நொடியில் மட்டையின் முகம் திறந்துகொள்கிறது. அதற்கு ஒரு பயிற்சியாளரிடம் போய் நில்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான். இப்போது என் கேள்வி: உங்கள் மகளின் பையில் எத்தனை வகைப் பந்து இருக்கிறது?

எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான், இப்படிப்பட்ட பைகளை நிறையத் தரையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். யாரோ கம்பெனி விழாவில் கொடுத்த, லோகோ போட்ட டூ பீஸ் ஒன்று. நீங்கள் போன மாதம் சிமென்ட் பாதையில் அடித்து, தோல் உரிந்து நார் தெரிகிற த்ரீ பீஸ் ஒன்று. எத்தனை மாதம் தண்ணீரில் கிடந்ததோ தெரியாத, பழுப்பேறிய பந்து ஒன்று. புதுசு போல வெள்ளையாக மின்னுவது ஒன்று. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், குழிகளின் ஓரம் மழுங்கி, உள்ளே மறுபடி அடித்த பெயின்ட் தேங்கியிருக்கும். பந்தின் மேல் முந்நூறிலிருந்து நானூறு வரை அந்தக் குழிகள் உண்டு, ஒவ்வொன்றின் ஆழமும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். காற்றைக் கிழித்துக்கொண்டு பந்து போவதே அந்தக் கால் மில்லிமீட்டரால்தான். அதில் பெயின்டை அப்பிவிட்டு நேராகப் பறக்கச் சொன்னால் எப்படிப் பறக்கும்? நீரில் ஊறிய பந்தும் அப்படியே. உறையைத் தாண்டி ஈரம் மெல்ல உள்ளே போகும், பந்து வேகத்தை இழக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இவையாவது டிரைவரில் வரும் வம்பு. அவள் சொல்லும் குறை கிரீனில் வருவது. அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு முறை கிட்டே போய்ப் பாருங்கள். நீங்கள் வாங்கும் த்ரீ பீஸ் பந்தின் உறை யுரேத்தேன் என்ற மெத்தென்ற பொருள். அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும். சர்லினில் நகம் வழுக்கும். பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜால் முப்பது தப்படியிலிருந்து மெதுவாகத் தூக்கிப் போடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் உருண்டைக்கு அவ்வளவாக வேலையே இல்லை. வெட்ஜின் பள்ளக்கோடுகளுக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே உறை நசுங்கி, பிடித்து, பின்னோக்கிச் சுழல்கிறது. யுரேத்தேன் அப்படிப் பிடித்துக்கொள்ளும், கிரீனில் ஒரு குதி குதித்து நிற்கும். சர்லின் வழுக்கிக் கிளம்பும், விழுந்த இடத்திலிருந்து சில தப்படி உருண்டோடும். முன்பெல்லாம் தூரம் வேண்டுமானால் கெட்டிப் பந்து, ஸ்பின் வேண்டுமானால் ரப்பர் நூல் சுற்றிய, எளிதில் வெட்டுப்படும் மெல்லுறைப் பந்து என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 2000-ஆம் ஆண்டு டைட்டிலிஸ்ட் கம்பெனியின் ப்ரோ வி1 பந்து வந்த பிறகு, கெட்டி உள்ளுருண்டையையும் யுரேத்தேன் உறையையும் ஒரே பந்தில் வைத்து ஆடுவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நூல் சுற்றிய பந்துகள் சில வருடத்திலேயே காணாமல் போயின. அந்த உறைக்குத்தான் நீங்கள் டஜனுக்கு ஐயாயிரம் கொடுக்கிறீர்கள். கொடுத்து, அதன் பலன் தெரியுமுன்பே டிரைவரால் புதருக்குள் அனுப்புகிறீர்கள்.

இனி உங்கள் மகளைப் பாருங்கள். முதல் கிரீனில், கிட்டத்திலிருந்து சின்ன அடியாக ஒரு சிப் போடுகிறாள், சர்லின் பந்து, உருண்டு ஓடுகிறது. அடுத்த கிரீனில் ‘போன முறை ஓடிவிட்டதே’ என்று கொஞ்சம் மெல்லப் போடுகிறாள். இப்போது கையில் இருப்பது உங்கள் பழைய யுரேத்தேன், குழியை எட்டாமலே நின்றுவிடுகிறது. இரண்டு முறையும் அவள் கை செய்தது சரி. இரண்டு முறையும் பந்து அவளைத் தப்பு என்றது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை பந்தைச் சந்தேகிக்காது ஐயா, தன் கையைத்தான் சந்தேகிக்கும். அவள் உங்களிடம் வந்து ‘பந்து நிற்கவில்லை’ என்கிறாள். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. நான்கு வருடமாக ஆடுகிற உங்களுக்குப் புலப்படாதது அவளுக்குப் புலப்பட்டிருக்கிறது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் பொறுமையின்மை.

எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

ஊட்டியில் ஒரு கேடியின் மகன் என்னிடம் ஆடினான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பந்து, ஆட வந்த பெரியவர் ஒருவர் கொடுத்தது. தொலைந்துவிடும் என்ற பயத்தில் அதை அவன் பெரிய அடி அடிக்கவே மாட்டான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கிரீனுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து அதன் மேல் அந்தப் பந்தை விழவைப்பான். போய் எடுத்து வருவான், மறுபடி போடுவான். பந்தில் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிற்று. ஆனால் அது எங்கே விழுந்தால் எவ்வளவு உருளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். எழுத்து தேய்ந்தாலும் அது அதே பந்து. ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த ஒன்று, வசதியுள்ள உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

கணக்குப் பேசுவோம். ஆட்டத்துக்கு மூன்று பந்து என்றால், ஒரு காலையில் 1,250 ரூபாய். வாரம் ஓர் ஆட்டம் என்று வைத்தாலும் மாதம் ஒரு டஜன் புதருக்கும் குளத்துக்கும் போகிறது. குளத்துக்குப் போனதைக் கேடி எடுத்து விற்க, அதை வாங்கி மகளிடம் கொடுத்து ‘செலவு மிச்சம்’ என்று எழுதுகிறீர்கள். தீபாவளிக்கு உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக் கழித்த பாவாடையைக் கொடுப்பீர்களா? நம் வீடுகளில் மாம்பழம் அரிந்தால் கதுப்பு பிள்ளைகளுக்கு, கொட்டை அம்மாவுக்கு. அப்படித்தான் நீங்களும் வளர்ந்திருப்பீர்கள், நானும் வளர்ந்தேன். பெற்றவர் பிள்ளைக்கு முதலில் எடுத்து வைக்க வேண்டும், தனக்கு மிஞ்சியதைத் தள்ளிவிடக் கூடாது. இது தியாகமல்ல, குடும்பத்தின் சாதாரண முறை. கோல்ஃப் மைதானத்தின் கேட்டைத் தாண்டியதும் அந்த முறை மாறிவிடாது.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் ஆடினார், வயது 18. அங்கே அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய அப்பா. டோக்கியோவில் அம்மா சுமந்தார். டோக்கியோவில் அதிதியால் தூரமாக அடிக்கிறவர்களோடு தூரத்தில் போட்டியே போட முடியவில்லை. சிப்பையும், கிரீனில் பந்தை உருட்டும் புட்டையும் வைத்துக்கொண்டே 15 அண்டர் பார், அதாவது நிர்ணயித்த அடிகளைவிட 15 குறைவு, வரை வந்து, ஒரே ஓர் அடியில் பதக்க வாய்ப்பை விட்டு, நான்காவதாக முடித்தார். உங்கள் மகள் அதிதி ஆவாள் என்று நான் சொல்லவில்லை. ஆகாவிட்டாலும் பரவாயில்லை. கிரீனைச் சுற்றி உங்கள் பெண்ணிடம் ஒரு கூர்மை தெரிகிறது, அதற்கு அப்பா என்ற முறையில் உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று பந்து அடங்கிய சின்னப் பெட்டிகளாக, யுரேத்தேன் உறையுள்ள மூன்று வகை வாங்குங்கள். விலை உயர்ந்தவைதான் வேண்டும் என்றில்லை, நடுத்தர விலையிலும் நல்ல யுரேத்தேன் பந்துகள் இருக்கின்றன. ‘லேடீஸ்’ என்று இளஞ்சிவப்பில் வருவதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், விதியில் பெண்ணுக்கென்று தனிப் பந்து கிடையாது. கிரீனில் ஆரம்பித்து, முதல் அடி அடிக்கும் இடமான டீயை நோக்கிப் பின்னால் வரட்டும்: முதலில் புட், பிறகு கிரீன் ஓரத்திலிருந்து சிப், பிறகு முப்பது தப்படியிலிருந்து வெட்ஜ். டிரைவர் கடைசியில், அதுவும் வேண்டாத அளவுக்கு உயரமாகப் போகிறதா, வளைகிறதா என்று பார்க்க மட்டும். ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை தப்படி எண்ணி அவளே எழுதிக்கொள்ளட்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு மூன்று சாயங்காலம் ஆகட்டும். நீங்கள் பந்து பொறுக்கிக் கொடுங்கள், வாயைத் திறக்காதீர்கள். எது என்று அவள் சொன்ன பிறகு, அதில் மட்டும் ஒரு டஜன். ஒரு வருடத்துக்கு வேறு எதையும் அவள் தொடக் கூடாது, புட்டிங் பயிற்சிக்குக்கூட. பழைய மூட்டையை வலையில் டிரைவர் அடித்துப் பழக நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இடிக்கிறது என்றால், நீங்கள் டூ பீஸுக்கு இறங்கியதில் மிஞ்சுவதே அவளுக்குப் போதும்.

புது டஜனை நீங்கள் பிரிக்காதீர்கள், அவள் கையில் கொடுங்கள். தன் பந்து இதுதான் என்று ஆட்டக்காரர் அடையாளம் காட்ட முடிய வேண்டும் என்பது விதி, அதனால் பேனாவையும் கொடுங்கள். என்ன அடையாளம் போடுவது என்று அவள் யோசித்து முடிக்கும் வரை முதல் டீயில் காத்திருங்கள்.